வால்டன் ஜெயிலுக்குப் போன தையல்காரி

அன்புள்ள கயல்,

லிவர்பூலில் வால்டன் பக்கம் வீடு பார்த்திருப்பதாகச் சொன்னாய். வாடகை கட்டுப்படியானால் சரி. பக்கத்தில் ஜெயில் இருக்கிறதே என்று அப்பாவுக்குக் கவலை. எனக்கோ கான்ஸ்டன்ஸ் லிட்டன் ஞாபகம் வந்துவிட்டது.

தாது வருஷப் பஞ்சத்தில் நம் ஜனங்கள் கொத்துக்கொத்தாகச் செத்துக்கொண்டிருந்தபோது டெல்லியில் தர்பார் நடத்தினாரே வைஸ்ராய் லிட்டன், அவருடைய மகள்தான். பெண்களுக்கு ஓட்டு கேட்டு 1909-இல் நியூகாசிலில் ஒரு கார் மேல் கல்லெறிந்து உள்ளே போனாள். சாப்பிட மாட்டேன் என்றாள். இதயம் பலவீனம் என்று இரண்டே நாளில் வெளியே விட்டார்கள். கூடப் போன சாதாரண வீட்டுப் பெண்களுக்குக் குழாய் செருகி வலுக்கட்டாயமாக ஊட்டினார்கள்.

அது அவளுக்கு உறுத்தியது. 1910 ஜனவரியில் முடியை வெட்டிக்கொண்டு, மலிவான ஒரு மூக்குக் கண்ணாடியை மாட்டி, ஜேன் வார்ட்டன் என்ற தையல்காரியாக லிவர்பூலில் போராடிக் கைதானாள். வால்டனில் அவள் இதயத்தைச் சோதிக்காமலேயே, இரும்புக் கவ்வியால் வாயைப் பிளந்து தொண்டைக்குள் குழாயை இறக்கினார்கள். அவள் வாந்தியெடுத்தாள். வேலை முடித்துக் கிளம்பிய டாக்டர் கன்னத்தில் ஒரு அறை வைத்துவிட்டுப் போனார். இப்படி எட்டு முறை. யார் வீட்டுப் பெண் என்று தெரிந்ததும் விடுதலை!

ஓட்டு கேட்ட பெண்கள் ஜன்னலை உடைத்ததையும் தபால் பெட்டிக்குத் தீ வைத்ததையும் பற்றி எனக்கு இன்றும் இரண்டு மனசுதான். ஆனால் ஆளைப் பார்த்து சர்க்காரின் நியாயம் மாறுவதைத் தன் உடம்பிலேயே காட்டினாளே, அதற்கு யாரால் பதில் சொல்ல முடியும்? 1912-இல் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. ஜெயில் அனுபவத்தை இடது கையால் எழுதி முடித்தாள்.

1918-இல் ஓட்டு வந்தது. ஆண்களுக்கு 21 வயது போதும். பெண்ணுக்கு 30 ஆகியிருக்க வேண்டும், அவள் பேரிலோ புருஷன் பேரிலோ சொத்துத் தகுதியும் வேண்டும். நிஜத் தையல்காரிகளில் பலர் 1928 வரை காத்திருந்தார்கள். உன் 26 வயதுக்கு அன்று ஒன்றும் கிடைத்திருக்காது.

அப்புறம் ஒரு விஷயம். காமன்வெல்த் நாட்டவர் என்பதால் அங்கே வசிக்கும் இந்தியர்களும் பார்லிமெண்ட் தேர்தலில் ஓட்டுப் போடலாம். புது வீட்டுக்குப் போனதும் பெயரைப் பதிந்துவிடு. ஆன்லைனிலேயே முடியும். பருப்புப்பொடி அனுப்புகிறேன், முகவரியைச் சரியாக எழுது.

அன்புடன்,
அம்மா