நட்சத்திர ரேட்டிங்கை நம்பி ஏஜென்ட் பொருள் வாங்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நமக்காகத் தேடி, விலை ஒப்பிட்டு, பணமும் கட்டிவிடும் மென்பொருள் ஏஜென்டுகள் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, "நல்ல ரேட்டிங் உள்ளவரிடமே அவை வாங்கும்" என்று ஒரே வரியில் கடந்துவிட்டது. சிக்கலே அந்த வரியில்தான்.

வந்த 2 ஆர்டரையும் ஒழுங்காக முடித்த கடைக்குச் சராசரி 100 சதவீதம். நூறில் தொண்ணூறை முடித்த கடைக்கு 90. சராசரி மட்டும் தெரிந்த ஏஜென்ட் முதல் கடைக்குத்தான் போகும். யோசாங், இஸ்மாயில் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2002இல் முன்வைத்த, நம்பகத்தன்மையை மதிப்பிடும் பீட்டா முறையில், நல்லபடி முடிந்தவற்றுடன் 1, மொத்தத்துடன் 2 கூட்டி வகுப்பார்கள். முதல் கடைக்கு 3/4, அதாவது 0.75, அடுத்ததற்கு 91/102, ஏறக்குறைய 0.89.

இதோடு நிறுத்தினால் ஆபத்து. 100 ஆர்டர் நேர்மையாகக் கொடுத்தவர் திடீரென ஏமாற்றத் தொடங்கினால், இன்னும் 100 பேர் ஏமாந்த பிறகே மதிப்பு 0.5-க்கு இறங்கும். எனவே புதிய ஆர்டர் ஒவ்வொன்றுக்கும் முன் பழைய எண்ணிக்கைகளை 0.9-ஆல் பெருக்கித் தேய்க்க வேண்டும். அப்போது ஏழாவது ஏமாற்றிலேயே 0.5-க்குக் கீழே போய்விடும். இதில் நேர்மையானவருக்கும் ஒரு நஷ்டம் உண்டு: எத்தனை ஆர்டர் முடித்தாலும் 0.92-ஐத் தாண்ட முடியாது. 200 ரூபாய் கேபிள் விற்றுப் பேர் வாங்கி, 40,000 ரூபாய் லேப்டாப்பில் கைவரிசை காட்டுவதோ தேய்மானத்தில் பிடிபடாது. தொகையையும் எடையாகச் சேர்த்தால்தான் உண்டு.

இந்த முறையில் புதியவருக்குக் கிடைப்பது 0.5. அதற்குக் கீழே இறங்கியவர் கணக்கை மூடிவிட்டு வேறு பெயரில் வருவார். அவருக்கு அதுவே லாபம். புதுக் கணக்குக்கு முன்பணம் வாங்குவது ஒரு தடை. ஒருவரே ஆயிரம் போலிக் கணக்கு திறந்து தன்னைப் புகழும் 'சிபில்' (Sybil) தாக்குதலையும் அது ஓரளவு தடுக்கும். பிற ஏஜென்டுகளின் சாட்சியை அப்படியே கூட்டவும் கூடாது. அவை முன்பு சொன்னது நம் ஏஜென்டின் சொந்த அனுபவத்தோடு எவ்வளவு ஒத்துப்போனதோ, அந்த அளவுக்கே எடை. உண்மையான சாட்சியும் சில நேரம் வாய் திறக்காது: இபே விற்பனைத் தளத்தில் விற்பவரின் பதிலடிக்குப் பயந்து வாங்குவோர் குறை எழுதத் தயங்கியதால், விற்பவர் வாங்குவோருக்கு எதிர்மறை மதிப்பீடு இடும் வசதியையே 2008இல் அந்நிறுவனம் நிறுத்தியது.

விற்பனைத் தளங்கள் சராசரியை மட்டும் தந்தால் இதில் எதையுமே ஏஜென்டால் கணக்கிட முடியாது. ஒவ்வொரு ஆர்டருக்கும் தேதி, தொகை, பொருள் வகை, முடிவு ஆகிய நான்கையும் அவை தர வேண்டும்.

— வாசகர், கோயம்புத்தூர்