ஞாயிறு ஓட்டம்: கோலகங்சார் போய் வந்த கதை

வணக்கம் மக்களே. நேற்று ஒன்பது பேர் சைக்கிளில் கிளம்பினோம். வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போன மூவர் யாரென்று இங்கே எழுதவில்லை, அவர்களுக்கே தெரியும்.

இங்கே மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டிலிருந்து கோலகங்சார் போக வர ஏறக்குறைய 40 கிலோமீட்டர். பெரிய சாலையில் லோரிகள் உரசுகிற மாதிரி போவதால், முடிந்தவரை தோட்டத்துச் சாலையைப் பிடித்தோம். அங்கேதான் வினை. வெட்டிப் போட்டிருந்த செம்பனை மட்டை மேல் ஏற்றிவிட்டேன். பின் டயரில் முள். பிடுங்கியதும் 'புஸ்' என்றது. புது டியூப் போட்டுக் காற்றடித்து நூறு அடிகூடப் போகவில்லை, மறுபடியும் தரையோடு தரை. முள்ளின் நுனி ஒடிந்து டயருக்குள்ளேயே இருந்திருக்கிறது! டியூப் மாட்டும் முன் டயரின் உட்புறத்தை மெதுவாக விரலால் தடவிப் பாருங்கள். ஒட்டுப் போட்டுக் கொடுத்த அண்ணனுக்கு நான் இன்னும் இரண்டு ரொட்டி சானாய் கடன்.

அப்புறம், கோலகங்சாரில் 1877-இல் நட்ட ரப்பர் கன்றுகளில் மிஞ்சிய அந்தப் பால்மரத்தடியில் படம் எடுத்தோம். ரப்பர் தோட்டத்தில் மரம் வெட்டிப் பால் எடுத்தே காலம் தள்ளிய என் பாட்டி பார்த்திருந்தால், "இதைப் பார்க்கவாடா இவ்வளவு தூரம் மிதிச்சே?" என்று கேட்டிருப்பார்.

திரும்பும்போது மழை. கோயில் கொட்டகையில் அரை மணி நேரம் ஒதுங்கினோம்.

சரி, அடுத்த ஞாயிறு காலை 6.30-க்கு வழக்கமான பசியாறும் கடை முன். அந்நேரம் இன்னும் இருட்டாக இருக்கும், பின் விளக்கு கட்டாயம். ஆளுக்கு இரண்டு டியூப். வருபவர்கள் சனி இரவுக்குள் பெயர் போடுங்கள்.