முதியோர் விளையாட ஆறு டேப்லெட் வேண்டும்: மோல்மீன் குழுவின் நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

மியான்மரின் மோல்மீன் நகரில் உள்ள நம் கோயில் மண்டபத்தில் செவ்வாய், சனி மாலைகளில் எழுபது வயதைத் தாண்டியவர்கள் கூடித் தாயம் ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதோடு கணினி விளையாட்டையும் சேர்க்க நினைக்கிறோம். அதற்கு ஆறு டேப்லெட், பேட்டரியோடு ஒரு இன்வெர்ட்டர், கொஞ்சம் மூக்குக்கண்ணாடிகள், ரத்த அழுத்தம் பார்க்க ஒரு கருவி தேவை.

"வயசானவங்களுக்கு எதுக்குப்பா கேம்?" என்று குழுவிலேயே கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அமெரிக்காவில் 1998-ல் தொடங்கிய 'ஆக்டிவ்' ஆய்வில் 65 வயதும் அதற்கு மேலும் ஆன 2,832 பேர் சேர்ந்தார்கள். சிலருக்கு நினைவாற்றல் பயிற்சி, சிலருக்குக் காரண காரியம் பார்த்து யோசிக்கும் பயிற்சி, சிலருக்குக் கணினியில் வேகப் பயிற்சி. ஒரு பிரிவுக்கு எதுவும் கிடையாது. வேகப் பயிற்சியில் திரையின் நடுவில் ஒரு வண்டி, ஓரத்தில் இன்னொன்று, சட்டென்று தோன்றி மறையும். நடுவில் இருந்தது காரா லாரியா, மற்றது எந்தப் பக்கம் என்று சொல்ல வேண்டும். சரியாகச் சொல்லச் சொல்ல, படம் தெரியும் நேரம் குறைந்துகொண்டே போகும். பத்து ஆண்டு கழித்துச் சோதித்தபோதும் வேகப் பயிற்சியும் யோசிக்கும் பயிற்சியும் எடுத்தவர்கள் அந்தந்தத் திறனில் மற்றவர்களைவிட முன்னே இருந்தார்கள். நினைவாற்றல் பயிற்சியின் பலன் மட்டும் அவ்வளவு காலம் தங்கவில்லை.

ஆடுபவரின் திறனுக்கு ஏற்ப ஆட்டத்தைக் கடினமாக்குவது தாயக்கட்டையால் ஆகாத காரியம். அதற்காகத் தாயத்தை ஓரங்கட்ட மாட்டோம். காய் வெட்டுப்பட்டவுடன் எழும் சத்தம் இல்லாவிட்டால் மண்டபம் மண்டபமாக இருக்காது.

இதனால் மறதி நோய் வராது என்று நாங்கள் சொல்லவில்லை. அப்படி ஆசை காட்டி விளம்பரம் செய்த லூமோசிட்டி என்ற மூளைப் பயிற்சி விளையாட்டு நிறுவனம் 2016-ல் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையத்துக்கு 20 லட்சம் டாலர் கட்ட வேண்டியதாயிற்று. முதியோருக்கு இத்தகைய பயிற்சி தரலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல் சொல்கிறது. ஆதாரம் இன்னும் வலுவாக இல்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறது. ஆகவே மாதாமாதம் சந்தா கட்டும் விளையாட்டு எதையும் வாங்கப் போவதில்லை.

போன மாதம் ஒரு பேத்தி தன் டேப்லெட்டைக் கொண்டுவந்து, கவிழ்ந்த சீட்டுகளைத் திருப்பி ஜோடிப் படம் தேடும் விளையாட்டைக் காட்டினாள். பாட்டி நகத்தால் தட்டித் தட்டிப் பார்த்தார், ஒன்றும் அசையவில்லை. "செத்துப் போச்சா இது?" என்றார். பேத்தி அவர் விரலைப் பிடித்துச் சதைப்பகுதியைத் திரையில் படவைத்ததும் சீட்டு திரும்பியது. யானை. இன்னொரு யானை எங்கே என்று தேடுவதற்குள் விளம்பரம் ஒன்று வந்து திரையை அடைத்துக்கொண்டது. எனவே விளம்பரம் வராத, இணையம் இல்லாமலே ஓடும் விளையாட்டுகள்தான் நமக்கு ஒத்துவரும். எழுத்தும் அதிகம் இருக்கக் கூடாது. 1960-களில் பள்ளிகள் அரசுடைமையான பிறகு வளர்ந்தவர்களில் பலருக்குப் பேச்சு தமிழ், படிப்பு பர்மியம். படமும் எண்ணும் இருந்தால் எல்லோரும் ஆடலாம்.

இன்வெர்ட்டர் எதற்கு என்று இந்த ஊரில் யாரும் கேட்க மாட்டார்கள். கண்ணாடிக்கும் அழுத்தக் கருவிக்கும் மட்டும் காரணம் சொல்லிவிடுகிறோம். மறதி நோய்க்கு வழிவிடும், ஆனால் நம்மால் மாற்றக்கூடிய 14 காரணங்களை, லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் 2024-ல் பட்டியலிட்டது. உயர் ரத்த அழுத்தம், காது மந்தம், சரிசெய்யாத பார்வைக் குறை, தனிமை எல்லாம் அதில் உண்டு. பிள்ளைகள் பாங்காக், கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று போய்விட்ட வீடுகள் நம்மிடம் எத்தனை! அதனால் டேப்லெட்டை யாரும் வீட்டுக்கு எடுத்துப் போக முடியாது. மண்டபத்துக்கு வந்துதான் ஆட வேண்டும். ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு இளைஞரோ இளம்பெண்ணோ உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பார்.

நம் நாட்டுக் கியாட் பணத்தில் விலைவாசி நிலையாக இல்லாததால் தொகை எதையும் குறிக்கவில்லை. முடிந்ததைக் கொடுங்கள், பொருளாகவும் தரலாம். பொருளாளரிடம் ரசீது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வரவு செலவு மாதக் கடைசியில் மண்டபப் பலகையில் ஒட்டப்படும். இரண்டு மணி நேரம் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க வருகிறவர்களையும் நன்கொடையாளராகவே எழுதிக்கொள்வோம்.

வெளிநாட்டிலிருந்து பழைய டேப்லெட் அனுப்பும் பிள்ளைகள் கடவுச்சொல்லையும் உங்கள் கணக்கையும் நீக்கிவிட்டு, சார்ஜரையும் மறக்காமல் சேர்த்து அனுப்புங்கள். திரை கொஞ்சம் பெரிதாக இருந்தால் நல்லது.

இப்படிக்கு,
முதியோர் நலக் குழுவினர், மோல்மீன்