செஞ்சியில் கதை சொல்ல ஆள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு செஞ்சிக் கோட்டைக்குப் போய் வந்தோம். மேற்கு மாம்பலத்திலிருந்து இருட்டோடு கிளம்பி, கிளாம்பாக்கத்தில் திருவண்ணாமலை பஸ் பிடித்தோம். திண்டிவனம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பாறைக் குன்றுகள் வர ஆரம்பித்துவிட்டன. ஒன்பது மணிக்கெல்லாம் செஞ்சியில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். சென்னையிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர்தான். இத்தனை பக்கத்தில் இருந்தும் நாற்பது வயதுக்கு மேல்தான் எனக்கு இது வாய்த்தது.

கோட்டையின் உயரமான குன்றான ராஜகிரியில் ஏறுவது லேசான வேலை இல்லை. ஏறத்தாழ 800 அடி உயரம். பாதி வழியில் என் கணவர் கையிலிருந்த பிஸ்கட் பாக்கெட்டைக் குரங்கு பிடுங்கிக்கொண்டு போனது. உச்சிக்குச் சற்று முன்னால் பாறை பிளந்து கிடக்கிறது; குறுக்கே ஒரு சின்னப் பாலம். அதை எடுத்துவிட்டால் எந்தப் படையும் மேலே வர முடியாது. 1690இல் வந்து முற்றுகையிட்ட முகலாயப் படைக்கு, சிவாஜியின் மகன் ராஜாராம் தங்கியிருந்த இந்தக் கோட்டையைப் பிடிக்க 1698 வரை ஏன் ஆனது என்பது அந்தப் பாலத்தில் நின்றபோதுதான் எனக்குப் புரிந்தது.

ஆனால் இதுவும் நான் வீட்டில் படித்துவிட்டுப் போனதால் தெரிந்ததுதான். கீழே, கோபுரம் மாதிரி மாடி மாடியாக எழும் அரண்மனைக் கட்டடமான கல்யாண மஹால் முன்னால் ஒரு குடும்பம் படம் எடுத்துக்கொண்டிருந்தது. "இது என்ன, கோயில் கோபுரமா?" என்று பாட்டி கேட்டார். யாருக்கும் பதில் தெரியவில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அன்றைக்கு எங்களுக்கும் வழிகாட்டி யாரும் கிடைக்கவில்லை.

எங்களுக்குக் கதை சொன்னது வெளியே வெள்ளரிப்பிஞ்சு விற்ற ஓர் அம்மா. பிஞ்சை நாலாகக் கீறி மிளகாய்ப்பொடியைத் தடவிக்கொண்டே, "அந்த மாடிக்கு மேல வரைக்கும் தண்ணி ஏறிச்சாம் கண்ணு. குளத்துலேர்ந்து மண்ணுக் குழாய் போட்டிருந்தாங்க" என்றார் என் மகளிடம். "மோட்டார் இல்லாமலா பாட்டி?" என்றாள் அவள். எட்டாவது படிக்கிறவள். தண்ணீர் தன் மட்டத்துக்கு ஏறும் என்று பாடத்தில் படித்தது அப்போதுதான் நினைவுக்கு வந்திருக்கிறது. சாப்பிட்ட பிஞ்சோடு திரும்ப உள்ளே ஓடினாள், அந்த மாடிகளை இன்னொரு தரம் பார்க்க.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன வருஷம் புதுச்சேரி கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் உயரமான கல்தூண்களின் கீழே உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டோம். அவை செஞ்சி வேங்கடரமணர் கோயிலிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுபோனவை என்று அப்போது தெரியாது. இந்த முறை அந்தக் கோயில் மண்டபத்தில் நின்றபோது மனசுக்கு என்னவோ போல் இருந்தது.

2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த 12 மராட்டியக் கோட்டைகளில் 11 மகாராஷ்டிரத்தில் உள்ளன. மீதி ஒன்று நம் செஞ்சி. இனி வெளியூர்க் கூட்டமும் வரும். ஆற்காட்டு நவாபுக்குப் பணியாமல் 1714இல் போரில் இறந்த தேசிங்குராஜன் கதையைச் சின்ன வயசிலிருந்தே கேட்டு வளர்ந்த பிள்ளைகள் அந்த ஊரில் எத்தனையோ பேர் இருப்பார்கள். அவர்களில் இருபது, முப்பது பேருக்கு முறையாகப் பயிற்சி கொடுத்து, அடையாள அட்டையும் நியாயமான கட்டணமும் வைத்து, சனி ஞாயிறுகளிலாவது வாசலில் நிறுத்தினால் போதும். நான் சந்தோஷமாகக் காசு கொடுப்பேன். சுவரில் பெயர் கிறுக்குகிறவர்கள்கூட, கூடவே ஒருவர் கதை சொல்லிக்கொண்டு வந்தால் கை வைக்க யோசிப்பார்கள்.

அப்புறம், அந்தத் தண்ணீர்க் குழாயைப் பற்றிக் கல்யாண மஹால் பக்கத்தில் ஒரு படம் வரைந்து, நல்ல தமிழில் பெரிய எழுத்தில் ஒரு பலகை வைக்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் உயரத்துக்கு வையுங்கள்.

– ஒரு வாசகி,
மேற்கு மாம்பலம், சென்னை – 33