பிரேக் இன்ஸ்பெக்டர் ஐயாவுக்கு: கொஞ்சம் குனிந்து பாருங்கள்

மதிப்புக்குரிய மோட்டார் வாகன ஆய்வாளர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் ராத்திரி செங்கோட்டைப் பக்கம் மலைப்பாதையில், புளியரை எஸ் வளைவில் ஜல்லி லாரி ஒன்று குறுக்கே நின்றுபோய், மேலே கேரள எல்லைக் கோட்டைவாசல் வரைக்கும் வண்டிகள் வரிசை கட்டியது உங்களுக்குத் தெரிந்ததுதான். 'லாரி பழுதாகிப் போக்குவரத்து பாதிப்பு' என்று மறுநாள் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். என்ன பழுது என்று யாரும் கேட்கவில்லை. அந்த வண்டிக்குப் பட்டை, அதாவது சக்கர அச்சின் மேல் பாரம் தாங்குகிற ஸ்பிரிங் தகடு, மாற்ற ஜாக்கியும் சம்மட்டியுமாகப் போனவன் நான். அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

பின்பக்கம், இடது பக்கத்து மெயின் பட்டை, அடுக்கில் மேலே இருக்கிற நீளமான தகடு, ஒடிந்திருந்தது. பட்டையை அச்சோடு இறுக்கிப் பிடிக்கிற யூ போல்டுக்கு ஒரு சாண் முன்னால். அது நீங்கள் எஃப்.சி. (தகுதிச் சான்று) கொடுத்து ஒரு மாதம்கூட ஆகாத வண்டி.

ஒடிந்த துண்டைக் கையில் எடுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். வெட்டு முகத்தில் பாதிக்கு மேல் கறுத்த துரு. அடிப்பக்கம் கொஞ்சம் மட்டும் கல்கண்டை உடைத்தது போலப் பொடிப்பொடியாக மின்னியது. மின்னுகிற இடம் அன்று ராத்திரி ஒடிந்தது. துருப்பிடித்த இடம் எப்போதோ விரிசல் விட்டது. இன்னொன்றும் இருந்தது ஐயா. மேல் விளிம்பில், விரிசலின் வாய்க்குள், கருப்பு பெயின்ட் இறங்கிக் காய்ந்திருந்தது. எஃப்.சி.க்குக் கொண்டுவருவதற்காகச் சேசிஸுக்கு (வண்டியின் அடிச்சட்டத்துக்கு) அடித்த அதே பெயின்ட். அப்படியென்றால், உங்கள் முன்னால் பளபளவென்று வந்து நின்ற அன்றைக்கே அந்தப் பட்டை பாதி ஒடிந்துதான் இருந்தது.

பட்டை பாரம் தாங்குவதற்கு மட்டும் என்று வெளியாட்கள் நினைக்கலாம். பழைய லாரிகளில் பின் ஆக்சிலை (சக்கர அச்சை) அதன் இடத்தில் பிடித்து வைத்திருப்பதும், வண்டியை முன்னால் தள்ளுகிற விசை முழுவதையும் வாங்கிச் சேசிஸுக்குக் கொடுப்பதும் அந்த மெயின் பட்டைதான். ஏற்றத்தில் லோடோடு ஏறும்போது அது ஒடிந்தால், ஆக்சில் ஒரு பக்கம் நகர்ந்து, டயர் பாடியில் உரசி, வண்டி இருந்த இடத்தில் நின்றுவிடும். அன்று நடந்தது அதுதான்.

ஓட்டுநருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். ஹேண்ட் பிரேக்கை நம்ப முடியவில்லை. பின்னால் ஒட்டினாற்போல் ஒரு பஸ். ஆட்கள் இறங்குவதற்குக்கூட இடம் விடாமல் அதற்குப் பின்னால் கார்கள். எஞ்சினை அணைக்காமல் பிரேக்கை மிதித்தபடியே உட்கார்ந்திருந்தார். கிளீனர் பையன் சாரலில் நனைந்துகொண்டு, இருட்டில் கல் தேடினான். லாரி நிறையக் கல், ஆனால் சக்கரத்துக்கு அடியில் வைக்கிற அளவுக்கு ஒன்றுகூட இல்லை. ஜல்லி அல்லவா. ஓடை ஓரமாய்ப் போய் ஒரு பாறைத் துண்டை உருட்டி வந்து வைத்த பிறகுதான் அவர் காலை எடுத்தார். நான் போனபோது சாலையோரம் உட்கார்ந்திருந்தார். அந்தக் கால் தொடையிலிருந்து நடுங்கிக்கொண்டிருந்தது, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தார். அப்புறம் பாதி ஜல்லியைக் கூடையில் அள்ளி இறக்கித்தான் ஜாக்கி போட முடிந்தது. அதையும் அவரேதான் அள்ளினார். இறக்குகூலியை அவர் பேட்டாவில் பிடிப்பதாக முதலாளி போனில் சொன்னது என் காதிலும் விழுந்தது.

இதே பட்டை கோட்டைவாசலைத் தாண்டி, கேரளப் பக்கம் ஆரியங்காவு இறக்கத்தில் ஒடிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் எழுதப் போவதில்லை. உங்களுக்கே தெரியும்.

கேட்பது ஒன்றுதான் ஐயா. எஃப்.சி.க்கு வருகிற பழைய லாரியின் பட்டையைக் குனிந்து பாருங்கள்.

பெரிய வேலை இல்லை. வெறும் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சக்கரத்து மையத்திலிருந்து சேசிஸ் வரை இரண்டு பக்கமும் டேப் பிடித்தால் போதும், எந்தப் பக்கம் தொய்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். காலி வண்டியிலேயே பட்டை நேராகப் படுத்துக் கிடந்தால் அது களைத்துப்போய்விட்டது. ஆக்சில் சேசிஸில் இடிக்காமல் தடுக்கிற பம்ப் ரப்பர் நசுங்கியிருக்கிறதா, ஆக்சில் சேசிஸில் இடித்த தடம் இருக்கிறதா என்று பார்க்கலாம். பட்டைகளின் நடுவிலிருந்து சிவந்த துருப்பொடி கசிந்தால் உள்ளே தேய்கிறது. சேர்த்துப் பிடிக்கிற கிளிப் போய்ப் பட்டைகள் விசிறி மாதிரி பக்கவாட்டில் விலகியிருந்தாலோ, ஒரு பக்கச் சக்கரம் மற்றதைவிட முன்னேயோ பின்னேயோ நின்றாலோ, பட்டைகளை நடுவில் கோத்துப் பிடிக்கிற சென்டர் போல்டைச் சந்தேகப்பட வேண்டும். பட்டையின் நுனியைச் சேசிஸோடு இணைக்கிற சாக்கிளில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினால் புஷ், பின் இரண்டின் கதையும் தெரிந்துவிடும். பெயின்ட் புதுசாக இருந்தால் வயர் பிரஷ்ஷால் ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்கள்.

உங்கள் ஆட்கள் பார்ப்பதில்லை என்று சொல்லவில்லை. ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டிப் பார்க்கிறார்கள். முதலுதவிப் பெட்டியைத் திறந்து பஞ்சு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். டயரையும் பார்க்கிறார்கள், அன்றைக்கு மட்டும் வாடகைக்கு மாட்டிய டயர் நன்றாகத்தான் இருக்கும். 2018-இல் ஆறு சக்கர லாரிக்கு மொத்த எடை 16.2 டன்னிலிருந்து 18.5 டன் என்று அரசு உயர்த்தியது. அந்த அறிவிப்பு பழைய பட்டைகளுக்குப் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது. அதற்கும் மேலே ஏற்றினால் 20,000 ரூபாய் அபராதம், கூடுதல் டன்னுக்கு 2,000 என்று சட்டம் இருக்கிறது. சட்டம் பாட்டுக்கு இருக்கிறது, லோடு பாட்டுக்குக் கேரளாவுக்குப் போகிறது.

முதலாளிகளையும் விட்டுவிட முடியாது. ஒடிந்த பட்டையைப் பற்றவைத்துத் தரச் சொல்லி என்னிடமே வருகிறார்கள். சூட்டில் ஸ்பிரிங் இரும்பின் பதம் கெட்டுவிடும், வெல்டிங்குக்குப் பக்கத்திலேயே மறுபடி ஒடியும் என்றால், "எஃப்.சி. முடிகிற வரைக்கும் தாங்கினால் போதும்ப்பா" என்று பதில் வருகிறது. அவர்களுக்கு இந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

சரி, கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். உங்கள் அலுவலகத்தில் ஆள் குறைவு, வரிசை நீளம் என்பதெல்லாம் தெரியும். எல்லா வண்டிக்கும் கேட்கவில்லை. எட்டு வருடம் தாண்டிய லாரி எப்படியும் வருடா வருடம் எஃப்.சி.க்கு உங்களிடம் வந்தாக வேண்டும். மலையேறுகிற அந்த வண்டிகளையாவது, கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், தயவுசெய்து குனிந்து பாருங்கள். டார்ச்சும் கடப்பாரையும் அலுவலகத்தில் இல்லையென்றால் என் பட்டறையிலிருந்து கொடுத்து அனுப்புகிறேன். சாயங்காலம் திருப்பித் தந்தால் போதும்.

இப்படிக்கு,
செங்கோட்டைப் பக்கம் பட்டை வேலை பார்ப்பவன்