குவாட்ரோவுக்கும் கணக்கு உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

விடுதலைப் போராட்டத்தில் நடந்த வன்முறையைத் தோண்டுவது போராளிகளை அவமதிப்பதாகும் என்று ஞாயிறு இதழில் ஒரு கட்டுரை வந்தது. அதற்குத் தென்னாப்பிரிக்காவைச் சான்று காட்டியிருக்கிறார்கள். அங்கே நடந்ததோ நேர்மாறு.

நிறவெறி ஆட்சியை எதிர்த்துப் போராடிய மண்டேலாவின் கட்சியான ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் அங்கோலாவில் குவாட்ரோ என்றொரு சிறைமுகாம் வைத்திருந்தது. உளவாளிகள் என்றும் கலகக்காரர்கள் என்றும் சொல்லிச் சொந்தப் போராளிகளையே அங்கே அடைத்து வதைத்தார்கள். புகார் கிளம்பியதும், ஆட்சிக்கு வருமுன்பே, கட்சியே விசாரணைக் குழுக்கள் அமைத்தது. சித்திரவதை நடந்தது உண்மை என்று அவை சொல்லின. எத்தனை இயக்கங்களுக்கு இந்தத் துணிச்சல் வரும்?

அப்புறம்தான் சறுக்கல். நிறவெறிக் காலக் கொடுமைகளை விசாரிக்க டெஸ்மண்ட் டுட்டு தலைமையில் அமைந்த உண்மை, நல்லிணக்க ஆணையமும் இதைப் பதிவு செய்தது. கட்சியின் ஆயுதப் பிரிவு நடத்திய, 19 பேர் இறந்த 1983 பிரிட்டோரியா குண்டுவெடிப்பையும் விடவில்லை. 1998 அக்டோபரில் ஆணையத்தின் அறிக்கைக்குத் தடை கேட்டு அதே கட்சி நீதிமன்றம் போய்த் தோற்றது. வெள்ளையர் ஆட்சியின் கடைசித் தலைவர் டி கிளர்க்கும் வழக்குப் போட்டதால், அவரைப் பற்றிய பகுதி கறுப்படித்து மறைக்கப்பட்டே வெளிவந்தது. நல்ல ஜோடிதான்! மண்டேலாவோ, தன் கட்சி எதிர்த்த அறிக்கையை டுட்டுவிடமிருந்து வாங்கி ஏற்றுக்கொண்டார்.

நிறவெறி அரசையும் போராளிகளையும் அந்த ஆணையம் ஒரே தட்டில் வைக்கவில்லை. போராட்டம் நியாயமானது என்றே சொன்னது. செய்த கொடுமையையும் கொடுமை என்றது. கட்டுரையாளர் அந்த அறிக்கையை ஒருமுறை புரட்டியிருக்கலாம்.

- ஒரு வாசகர், திருச்சி