சோக் போட்டால் மட்டும் ஓடும் பவர் வீடர் – புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: வாரன்ட்டியில் உள்ள 7 ஹெச்.பி. பெட்ரோல் பவர் வீடரின் கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பாகம்) கோளாறு.

ஐயா,

வணக்கம். கோபிசெட்டிபாளையம் பக்கம் எங்கள் வாழைத்தோட்டத்தில் களை ஓட்ட உங்கள் பவர் வீடரை வாங்கினேன். வாங்கியதிலிருந்தே ஒரே குறைதான். சோக் பாதி மூடியிருந்தால் ஓடுகிறது. முழுக்கத் திறந்தால் இன்ஜின் ஏறி இறங்கி உறுமுகிறது. கத்தி மண்ணில் இறங்கியதும் பொசுக்கென்று நின்றுவிடுகிறது. நன்றாகச் சூடேறிய பிறகும் இதே கதை. டீலரிடம் கேட்டால், "பாதி சோக்கிலேயே ஓட்டுங்க சார், போகப் போக செட்டாயிடும்" என்றார்.

செட்டாகவில்லை. உங்கள் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். பிளக் கருத்திருக்கிறது என்று புது பிளக் போட்டு, அதற்குக் காசும் வாங்கினார்கள். பாதி சோக்கில் ஓடினால் லோடு ஏறும்போது பெட்ரோல் அதிகமாகி பிளக் கருக்கத்தானே செய்யும்? அது நோயின் விளைவு, காரணம் அல்ல. இப்போது ஆயில் குச்சியை உருவி முகர்ந்தால் பெட்ரோல் வாடை அடிக்கிறது. இப்படியே ஓட்டினால் பிஸ்டன் ரிங் தேயும், அதற்கும் என்னிடம்தான் பில் நீட்டுவீர்கள்.

சோக்கின் வேலை காற்றை அடைப்பது. அடைத்தால் ஓடுகிறது என்றால், திறந்திருக்கும்போது காற்றுக்குத் தேவையான பெட்ரோல் சேரவில்லை என்று பொருள். ஒன்று கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் சிறு துளையான ஜெட் அடைத்திருக்க வேண்டும், அல்லது எங்கோ வெளிக்காற்று புகுவதாக இருக்க வேண்டும். கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்ததாக உங்கள் பில்லிலேயே இருக்கிறது. அதன்பிறகும் துளி மாற்றமில்லை. பெட்ரோலில் எத்தனால் கலப்பதால்தான் என்று அடுத்து ஒரு காரணம் சொன்னார்கள். அதே கேன் பெட்ரோலில்தான் என் மொபெட்டும் பக்கத்துத் தோட்டத்து பிரஷ் கட்டரும் ஓடுகின்றன.

வெளியாள் கைவைத்தால் வாரன்ட்டி போய்விடும் என்பதால் நான் ஒரு நட்டைக்கூடத் தொடவில்லை. திறந்தவெளியில் இன்ஜினை ஓடவிட்டு, சூடான சைலன்ஸர் பக்கம் படாமல், கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவே வெப்பம் தடுக்க இருக்கும் கறுப்பு இன்சுலேட்டரின் கீழ்விளிம்பில் கார்ப் கிளீனர் ஸ்பிரேயைக் கொஞ்சமாக அடித்தேன். ஸ்பிரே உள்ளே போய் எரிந்து பெட்ரோல் குறையை ஈடுகட்டியதால் உறுமல் அடங்கிச் சீராக ஓடியது. ஸ்பிரேயை நிறுத்தியதும் பழையபடி ஆனது. மேல்விளிம்பில் அடித்தால் ஒன்றுமில்லை. காற்று புகும் இடம் அதுதான். வீடியோவை இணைத்திருக்கிறேன், சத்தத்தைக் கேட்டாலே தெரியும். இதை உங்கள் மெக்கானிக்கிடம் காட்டியதற்கு அவர் வீடியோவைப் பார்க்கவே இல்லை. பில்லிலும், அந்த இணைப்பில் காற்று புகாமல் அடைக்கும் கேஸ்கெட் பற்றி ஒரு வரி கிடையாது.

ஆகவே, விவரம் தெரிந்த ஒரு மெக்கானிக்கைத் தோட்டத்துக்கே அனுப்புங்கள். இன்சுலேட்டரையும் இருபக்கக் கேஸ்கெட்டுகளையும் வாரன்ட்டியில் மாற்றித் தாருங்கள். இன்சுலேட்டர் வளைந்திருந்தால் பழையதையே இறுக்கிவிட்டுப் போகவேண்டாம். ஆயிலும் புதிதாக ஊற்ற வேண்டும். பிளக்குக்கு வாங்கிய பணத்தைத் திருப்பித் தாருங்கள். வேலை முடிந்ததும் சோக்கை முழுக்கத் திறந்து, ஒரு வரிசை வாழைக்கு நடுவே ஓட்டிக் காட்டினால்தான் சர்வீஸ் தாளில் கையெழுத்துப் போடுவேன்.

15 நாளில் பதில் வராவிட்டால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இந்த வீடியோவோடும் பில்லோடும் மனு கொடுப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: வாங்கிய ரசீது, சர்வீஸ் பில், வீடியோ